கதர் கட்டிக் கள்ளுக்கடைக்குப் போன கதை

கள்ளைப் பற்றி எங்கள் ஊரில் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர் அந்தக் காலத்தில் யாரும் இல்லை. இது என் அபிப்பிராயம் அல்ல. மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். அவருக்குப் பேச வராது, எனக்கு நிறுத்த வராது. ஆகவே அவர் தலைவராகவும் நான் காரியதரிசியாகவும் இருந்தோம்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சரித்திர வாத்தியார். சரித்திரம் சொல்லிக்கொடுப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தான் பார்க்காத எதைப் பற்றியும் பக்கத்தில் நின்று பார்த்தவன் போலப் பேசப் பழகிவிடும். பானிப்பட்டுப் பக்கம் நான் போனதே இல்லை. ஆனால் யானைகள் எந்தத் திசையில் மிரண்டு ஓடின என்று வகுப்பில் கையை நீட்டிக் காட்டுவேன். கள்ளையும் அந்த முறையில்தான் கையாண்டேன். அது தொண்டையில் இறங்கும்போது எரிகிற எரிச்சல், குடலைப் போய்ப் பிடுங்குகிற பிடுங்கல், மூளைக்கு ஏறுகிற புகை எல்லாவற்றையும் நான் வர்ணிக்கக் கேட்டுப் பல தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சொட்டு என் நாக்கில் பட்டது கிடையாது.

இந்தப் பிரசங்கங்கள் எல்லாம் முதலில் அரங்கேறுவது எங்கள் வீட்டு அடுப்பங்கரையில். என் மனைவி காய் நறுக்குவாள்; நான் நிலைப்படியில் நின்று ஒத்திகை பார்ப்பேன். நல்ல இடம் வரும்போது அவள் அரிவாள்மணையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். அது ரசனை என்று நான் நினைத்திருந்தேன். ஆராய்ச்சி என்று பிற்பாடுதான் தெரிந்தது.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தான். கதர் கட்டினால் ஜெயில் என்று இருந்த காலத்தில் மல் வேட்டியே தேகத்துக்கு இதம் என்று இருந்தவன் நான். கதர் கட்டினால் முன்வரிசை நாற்காலி என்று ஆனதும் எனக்கும் தேசபக்தி தாங்க முடியாமல் பெருகிற்று. எனக்கு இரண்டு ஜிப்பா தைத்துக்கொண்டு, அவளுக்கும் ஒரு சேலை வாங்கி வந்தேன். கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தவள், "இதைக் கட்டுததா, சுமக்குததா?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் ஜில்லாவிலும் கள்ளுக்கடைகளை மூடப் போகிறார்கள், உத்தரவு இன்றைக்கோ நாளைக்கோ என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியது. சங்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும், கடையே இல்லாமல் போனால் நான் எதைப் பற்றிப் பேசுவது என்று உள்ளூர ஒரு கவலை. அந்தக் கவலையை மறக்கத்தான், கல்யாணமான புதிதில் கொடுத்த ஒரு வாக்கை நினைவுபடுத்தி, "தூத்துக்குடிக்குப் போய் ஊர் பார்த்துவிட்டு வருவோமா?" என்று அவளைக் கேட்டேன். காலையில் ரயிலேறினால் சாயங்காலம் திரும்பிவிடுகிற தூரம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததனால்தான் இருபது வருஷமாகப் போகவில்லை.

"பாண்டியர்கள் முத்துக்குளித்த கடல். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று மூன்று ஜாதி வெள்ளைக்காரர்கள் முறை வைத்து அடித்துக்கொண்ட துறைமுகம். அங்கே நீ என்ன கேட்டாலும் வாங்கித் தருகிறேன், சத்தியம்" என்று அவள் உள்ளங்கையில் அடித்தேன். முத்து விளைகிற ஊருக்குப் போகிற பெண் என்ன கேட்பாள்? மூக்குத்திக்கு ஒரு முத்து கேட்பாள். அதற்கு நான் தயாராகவே இருந்தேன்.

அவள் முருங்கைக்காயை ஒடித்துக்கொண்டே, "எனக்கு ஒரு வாய் கள்ளு வேணும்" என்றாள்.

நான் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"பதறாதிய அத்தான். இருபது வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேம்லா, எரியும், பிடுங்கும், புகையும்னு. அது என்ன சவம்னு ஒரு தடவை பார்த்துரணும். கடையை மூடிட்டா அப்புறம் யார்ட்டப் போய்க் கேக்க?"

"ஏளா, நான் சங்கத்துக் காரியதரிசி."

"அதுக்குத்தான் நம்ம ஊர்ல வேண்டாம்ங்கேன். தூத்துக்குடில உங்களை எவனுக்குத் தெரியும்?"

இதில் கடைசி வாக்கியம் கொஞ்சம் புண்படுத்தியது. ஆனாலும் சத்தியம் சத்தியம்தான். வேறு வழியில் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். "முதலில் கொற்கைக்குப் போவோம். அங்கேயே பொழுது சரியாகிவிடும்" என்றேன்.

"கொற்கை ரெண்டாயிரம் வருசமா அங்கனயே கிடக்கு. இன்னும் ரெண்டு மாசம் கிடக்கும். கடை கிடக்குமா?"

சரித்திர வாத்தியார் ரயில் நேரம் விசாரிக்கப் புறப்பட்டார்.

புறப்படுகிற அன்று அவள் சாதாரணச் சுங்கடிச் சேலையை எடுத்து வைத்திருந்தாள். நான்தான் ஆட்சேபித்துக் கதரைக் கட்டச் சொன்னேன். வெளியூர் போகிற இடத்தில் ஒரு மரியாதை வேண்டாமா? மரியாதை ரயிலிலேயே கிடைத்தது. எங்களைக் கண்டதும் ஒரு கருப்பட்டி வியாபாரி எழுந்து ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்து, மணியாச்சி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். "பார்த்தாயா?" என்று நான் கண்ணால் கேட்டேன். "பாவம்" என்று அவள் வாயால் சொன்னாள்.

தூத்துக்குடி ஸ்டேஷன் வாசலில் ஒரு ஜட்காக்காரன் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மற்ற வண்டிக்காரர்களைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒல்லி ஆள். கழுத்தில் கறுத்த கயிற்றில் ஒரு சிலுவை. "ஏறுங்க அண்ணாச்சி, ஏறுங்க அக்கா. உங்களை மாதிரி ஆளுகளை எங்கெங்க கொண்டுபோணும்னு நமக்குத் தெரியும்" என்றான். முகத்தைப் பார்த்தே சரித்திர ஆர்வத்தைக் கண்டுகொள்கிறானே என்று எனக்கு அவன்மேல் ஒரு பிரியம் விழுந்தது.

முதலில் மாதா கோயில். அங்கே நிழலில் நின்று போர்ச்சுகீசியர் வந்த வரலாற்றை அவளுக்குச் சொன்னேன். வந்தவர்கள் வெறுமனே போகவில்லை, தமிழுக்கு எத்தனையோ சொற்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், ஜன்னல் அவர்கள் சொல், அலமாரி அவர்கள் சொல், நம் இடுப்பில் தொங்குகிற சாவிகூட அவர்கள் சொல்தான் என்றேன்.

"அப்ப அவுக வாரதுக்கு முன்னால நம்ம ஆளுக வீட்டைத் திறந்துபோட்டுட்டா போனாக?"

"திறவுகோல் என்று சொன்னார்கள்."

"பேரை மாத்துததுக்கா அம்புட்டுத் தூரம் கப்பல்ல வந்தான்?"

ஜட்காக்காரன் சிரித்தான். அவன்மேல் விழுந்த பிரியத்தில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

டச்சுக்காரர் கல்லறைகளில் ஒரு மண்டை ஓடும் இரண்டு எலும்பும் செதுக்கியிருந்ததை அவள் வெகுநேரம் பார்த்தாள். காலரா வந்து செத்திருப்பார்கள் என்று தீர்ப்புச் சொன்னாள். துறைமுகத்தில், பெரிய கப்பல்கள் கரைக்கு வர மாட்டாமல் தூரத்தில் எங்கேயோ நிற்க, தோணிகள் மூட்டையோடு போவதும் வருவதுமாக இருந்தன. கடலைப் பார்த்தால் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் கடலைப் பார்த்தவாறே, மெதுவாக, "எப்பம்?" என்று கேட்டாள்.

"எது?"

"எதுவா?"

"முதலில் முத்து பார்ப்போம்" என்றேன்.

முத்துக் கடைக்காரர் காயல்பட்டணத்துக்காரர். வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை, அவசரமே இல்லாத குரல். கறுப்புப் பட்டுத் துணியை விரித்து, அதன்மேல் ஒரு பிடி முத்தை உருட்டி விட்டார். நான் குனிந்து பார்த்து, "ரோமாபுரிச் சீமாட்டிகள் கழுத்தில் கிடந்தது இதுதான்! கொற்கை முத்து!" என்றேன்.

"இது பஹ்ரைன் முத்துங்க" என்றார் அவர் சாந்தமாக. "நம்ம கடல்ல சிப்பி விளைஞ்சு ரொம்ப வருசமாச்சு. சர்க்கார் ஆளுக முங்கிப் பார்த்துட்டு இல்லேன்னுட்டுப் போயிருதாங்க. இங்கன உள்ளவங்க அங்க போய் வாங்கிட்டு வாரோம், வெளியூர்க்காரங்க இங்க வந்து கொற்கை முத்துன்னு வாங்கிட்டுப் போறாங்க. நாங்களா ஒண்ணும் சொல்லுததில்லே."

அப்படியிருந்தும் நான் ஒரு நல்ல முத்தை எடுத்து அவள் மூக்கருகே பிடித்து, "இதை வாங்கிக்கொள்ளேன்" என்றேன். ஒரு வாய் கள்ளுக்குப் பதில் ஒரு முத்து! எந்தப் பாண்டியனும் இப்படி ஒரு பண்டமாற்றுக்கு ஒப்பியிருக்க மாட்டான். அவளுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்துவிட்டது.

"முத்து இன்னைக்கு இல்லாட்டா நாளைக்குக் கிடைக்கும்லா, அண்ணாச்சி?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"எப்பவும் கிடைக்கும் தங்கச்சி."

"அப்ப அடுத்த தடவை பார்த்துக்கிடுதோம். எப்பவும் கிடைக்காத சாமான் ஒண்ணு வாங்க வேண்டியிருக்கு" என்று சொல்லி எழுந்துவிட்டாள். அவர் அது என்ன சாமான் என்று என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு. தம்பதி சமேதராக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. ஆனால் ஓட்டல்காரர் என் மனைவியைக் கண்டதும் பதறிப்போய், சமையற்கட்டுக்கும் விறகு அடுக்கியிருந்த இடத்துக்கும் நடுவில் ஒரு பெட்டி போன்ற அறையில் அவளை உட்கார வைத்துத் திரையை இழுத்து விட்டார். பெண்களுக்கு மரியாதை செய்கிற இடம் என்று வெளியே போர்டு வேறு. திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். ரேஷன் சோறு பரிமாறியவர் ஒரு கரண்டி போட்டுவிட்டு, அடுத்த கரண்டிக்கு மகாராணியின் அனுமதி வேண்டும் என்பதுபோல் நின்றார்.

"அத்தான்!" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல். "உங்களுக்கு ரசம் வந்துட்டா?"

கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் என் இலையைப் பார்த்தார்கள்.

"வந்தது" என்றேன்.

"உப்பு இருக்கா? எனக்கு இல்லை."

எனக்கும் இல்லை. ஊரைச் சுற்றி மலை மலையாக உப்பைக் குவித்து வைத்திருக்கிற ஊரில் ரசத்தில் உப்பு இல்லை. அடுத்த இலைக்காரர், "விளையுத சாமானை இங்கன யாரு மதிக்கா, அண்ணாச்சி" என்று பொதுவாகச் சொன்னார். காலையில் முத்துக் கடையில் கேட்ட சங்கதிக்கு மறுபக்கம்: அங்கே விளையாததற்கு மதிப்பு.

வெளியே வந்து ரொட்டிக் கடையில் மக்ரூன் வாங்கினோம். முந்திரிப் பருப்பும் சீனியும் சேர்ந்து, கூம்பு வடிவத்தில், வாயில் போட்டால் கரைகிற பண்டம். இந்தப் பண்டம் கடல் கடந்து வந்த வழியை நான் விவரித்து, அது இவ்வளவு வெளுப்பாக இருப்பதற்கு முட்டையின் வெள்ளைக் கருவே காரணம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, சைவ வீட்டில் பிறந்து சைவ வீட்டில் வாழ்க்கைப்பட்ட என் மனைவி பொட்டலத்தில் பாதியை முடித்திருந்தாள்.

"முட்டையா?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "இனிமே சொல்லி என்ன செய்ய?" என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

இனித் தட்டிக் கழிக்க எனக்குச் சரித்திரம் மிச்சம் இல்லை. சாயங்கால ரயிலை விட்டால் அப்புறம் ஒரு நாள் அவளை இங்கே கூட்டிவர எனக்குத் தைரியமும் இருக்காது, அதற்குள் கடையும் இருக்காது. அது அவளுக்கும் தெரியும். ஜட்காவின் முன்பக்கம் சாய்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டிக்காரனிடம் சொன்னேன்: "இந்நகரத்தில் உள்ள கள்ளுக்கடைகளைப் பார்வையிட விரும்புகிறோம்."

வேறு எப்படிச் சொல்வது? "குடிக்க" என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. அதை மேடையில் மட்டுமே உபயோகித்துப் பழக்கம்.

ஜட்காக்காரன் முகம் மலர்ந்தது. "வண்டி ஏறும்போதே எனக்குத் தெரியும்லா அண்ணாச்சி! எத்தனை கடை பார்க்கணும்?"

"ஒண்ணு போதும்" என்றாள் அவள்.

"ஒண்ணோட எப்படி அக்கா விட முடியும்?" என்று சொல்லிக் குதிரையைத் தட்டினான்.

முதல் கடை, ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால். ஓலைக் கூரை, ஓலைத் தட்டி, மூட்டை தூக்குகிற ஆட்களின் சத்தம் வெளி வரைக்கும் கேட்டது. ஜட்காக்காரன் முதலில் குதித்து உள்ளே போனான். நாங்கள் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் சத்தம் அப்படியே நின்றுபோயிற்று. ஒரு கலயம் உருண்டது. வாசலில் கடைக்காரர் தோன்றினார். நெற்றியில் புது விபூதி. கையில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"வாங்க, வாங்க. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றார்.

அவர் பின்னால் மூன்று பேர் வரிசையாக வந்து நின்றார்கள். முதலாமவன் கண்ணை மூடி, "இனிமே இந்தச் சனியனைக் கையால தொட மாட்டேன், இது சத்தியம்" என்று கற்பூரத்தின்மேல் கையை ஓங்கி வைத்து அணைத்தான். கடைக்காரர் அடுத்த வில்லையை ஏற்றினார். இரண்டாமவன் சத்தியம் செய்தான். மூன்றாமவனுக்குக் கண்ணில் நீர் வந்தது. பிறகு எங்கள் ஜட்காக்காரனே முன்னால் வந்து, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "நானும்தான்" என்று அணைத்தான்.

அப்போது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை! வாசலில் வந்து நின்றேன், அவ்வளவுதான்! பாளையங்கோட்டையில் தொண்டை கிழியப் பேசி ஒருத்தன் திருந்தினதில்லை. இங்கே என் முகத்தைப் பார்த்ததுமே நாலு பேர் திருந்திவிட்டார்கள். கை கூப்பினேன். "மகிழ்ச்சி" என்றேன். குரல் தழுதழுத்தது. கடைக்காரரும் கை கூப்பி, எங்களை வண்டிவரை கொண்டுவந்து ஏற்றியே விட்டார்.

வண்டி நகர்ந்ததும் அவள் கேட்டாள்: "என் கள்ளு எங்க?"

"ஏளா, நாலு ஆத்மாக்கள் கடைத்தேறியிருக்கின்றன, நீ கள்ளைப் பற்றிப் பேசுகிறாய்."

"நீங்க திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். கடைத்தேறிய ஆத்மாக்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணில் நீர் விட்டவன்தான் முதலில் போனான்.

இரண்டாவது கடையில் விஷயம் விளங்கிவிட்டது. அங்கே நாங்கள் சற்று விரைவாக இறங்கிவிட்டதால் உள்ளே நடந்த பேச்சு காதில் விழுந்தது.

"ஏலே, கதர் வந்திருக்கு! புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரு!"

"இன்னைக்கு யாரு முறை?"

"நேத்து நான் பண்ணிட்டேன். அவனைப் பண்ணச் சொல்லு."

"நான் முந்தாநாத்து ரெண்டு தடவை பண்ணுனேம்லா! இந்த மூதி ஒரு தடவைகூடப் பண்ணலை. ஓசில உக்காந்து குடிக்கான்."

"சரிலே, பண்ணித் தொலை. கை சுடாம அணைக்கணும், நல்லா வேகமா வை."

ஜட்காக்காரனை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் ஒளிக்கவில்லை. கொஞ்ச நாளாக ஊரில் மறியல்காரர்கள் வருகிறார்களாம். கதர் கட்டிய புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடை வாசலில் கை கூப்பி நின்று பஜனை பாடுவார்களாம். பாட்டு முடிகிறவரைக்கும் யாராலும் உள்ளே வர முடியாது, வியாபாரம் படுத்துவிடும். மூன்று பேர் சத்தியம் செய்துவிட்டால் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவார்கள். ஆகவே கடைக்குக் கடை தட்டும் கற்பூரமும் தயார். வாடிக்கைக்காரர்களுக்குள் முறை. நான் முகராசி என்று நினைத்தது முறைராசி.

"அப்படியானால் நீயுமா?" என்றேன்.

"நான் ஒரு கணக்குக்குச் சேர்ந்துக்கிடுதேன், அண்ணாச்சி. வண்டிக்காரனே பண்ணிட்டான்னா உங்களுக்கும் ஒரு பேரு" என்றான். பிறகு சிலுவையைத் தொட்டுக்கொண்டு மெல்லிய குரலில், "மாதா மேல பண்ணினாத்தான் நம்மளைப் பிடிக்கும். கற்பூரத்துல பண்ணினது நமக்குச் செல்லாது" என்றான். அவன் வாய் வாசனை குதிரையைத் தாண்டி வந்தது. முதல் கடையில் ஒரு சத்தியம் செய்திருந்தான். அதற்குத் தக்கபடி உள்ளேயும் போயிருந்தது. எங்கள் மூன்று பேரில் இந்த யாத்திரையின் நோக்கம் நிறைவேறிக்கொண்டிருந்தது அவன் ஒருவனுக்குத்தான்.

அந்தக் கடையிலும் மூன்று சத்தியங்களை ஏற்றுக்கொண்டேன். இந்தத் தடவை குரல் தழுதழுக்கவில்லை.

"வாயைத் திறந்து கேக்கப்படாதா, அத்தான்? நாங்க குடிக்க வந்திருக்கோம்னு."

"இந்த உடுப்பில் எப்படிக் கேட்பது?"

"அதுக்குத்தான் சுங்கடியைக் கட்டுதேன்னேன்." அவள் முகத்தைத் திருப்பி உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இருபது வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது அதிகமில்லை. கேட்டதை நான் கொடுத்ததும் அதிகமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டதில்தான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. "இன்னும் ஒரு கடை" என்றேன் வண்டிக்காரனிடம். "இதுதான் கடைசி."

மூன்றாவது கடை ஊருக்கு வெளியே, உப்பளப் பாதையில், நாலைந்து பனைமரங்களுக்கு நடுவே இருந்தது. முன்பக்கம் ஆண்கள். பின்பக்கம் ஓலை வேலி அடைத்து ஒரு மறைப்பு. அங்கே உப்பளத்தில் வேலை முடிந்து வந்த பெண்கள். ஓட்டல்காரர் என் மனைவியை உட்காரவைத்த பெட்டியைவிட அது விசாலமாக இருந்தது, காற்றும் வந்தது. இதை ஓட்டல்காரரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

வண்டி நின்றதும் அவள் இறங்கி, "தண்ணி தவிக்கு" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் வேலியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விட்டாள். எனக்கு முன்னால் தட்டு வந்தது. கற்பூரம் வந்தது. முறைக்காரர்கள் வந்தார்கள். ஒருத்தன் அணைத்தான், இன்னொருத்தன் அணைத்தான். மூன்றாமவர் வயசாளி, உப்பு அரித்த கால்கள், குறும்புக் கண்கள். அவர் கையை ஓங்கினார், வைக்கவில்லை.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். எங்களைப் பூரா சத்தியம் பண்ணச் சொல்லுதியளே, நீங்க பண்ணியாச்சா?"

"நான் குடிப்பதே இல்லையே" என்றேன்.

"அப்ப பண்ணுததுக்கு என்ன கஷ்டம்? கை சுடும்னு பார்க்கியளா?"

"ஆமாலே, அதும் நியாயம்தான். அண்ணாச்சி பண்ணட்டும்!" என்று உள்ளேயிருந்து ஒரே சத்தம். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கடைக்காரர் ஒரு பெரிய வில்லையாகப் பார்த்து எடுத்து ஏற்றினார். ஜட்காக்காரன் என் முதுகில் கை வைத்து, "ஒண்ணும் ஆகாது, நான் எத்தனையோ பண்ணியிருக்கேன்" என்று தைரியம் சொன்னான்.

அந்த நேரத்தில் ஓலை வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பலை எழுந்தது. பத்துப் பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. அதற்குள் ஒரு சிரிப்பு எனக்குப் பழக்கமானது. ஆனால் அவ்வளவு உரக்க அதை நான் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. "இன்னொரு பட்டை ஊத்துளா, மதினி நல்லாத்தான் குடிக்காக!" என்று ஒருத்தி சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

வயசாளி என் கையைப் பிடித்து இழுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "கள்ளை இந்த ஜன்மத்தில் தொடமாட்டேன்" என்று சொல்லிக் கற்பூரத்தின் மேல் கையை வைத்தேன். இரண்டாவது கடையில் சொன்ன வேகத்தில் வைக்கவில்லை போலிருக்கிறது; நன்றாகச் சுட்டது. கூட்டம் ஆரவாரித்தது. மதுவிலக்குக்காக நான் கைதட்டல் வாங்கிய இடங்களிலேயே மிக உற்சாகமான இடம் அந்தக் கள்ளுக்கடை வாசல்தான்.

அவள் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கதர் முந்தானையால் வாயைத் துடைத்தாள். அந்தச் சேலை ஒரு காரியத்துக்கு உபயோகப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். உப்பளப் பெண்கள் இரண்டு பேர் வழியனுப்ப வந்து, "மறுக்க வாங்க மதினி" என்றார்கள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்: "அவர்கள் எப்படி உனக்குக் கொடுத்தார்கள்? கதரைப் பார்த்துப் பயப்படவில்லையா?"

"பயந்தாளுகதான். ஒருத்தி கற்பூரம் தேடுனா. நான், 'எனக்கு ஒரு பட்டை கள்ளு வேணும், மூடுததுக்குள்ள குடிச்சுப் பார்க்கணும்'னேன். உக்காருங்கன்னு ஓலைப் பட்டையில ஊத்திக் கையில கொடுத்துட்டா." அவ்வளவுதான். மூன்று கடைகளில் நான் தேடித் தேடிக் கிடைக்காத வாக்கியம்.

சிறிது தூரம் போனதும், குரலைத் தாழ்த்தி, "எப்படி இருந்தது?" என்றேன்.

அவள் என் கையைத் திருப்பி, உள்ளங்கையில் சுட்ட இடத்தைப் பார்த்து ஊதினாள். "நீங்க சத்தியம் பண்ணினவுக. ருசியெல்லாம் கேக்கப்படாது."

"தொடமாட்டேன் என்றுதானே பண்ணினேன்? கேட்கமாட்டேன் என்று பண்ணவில்லையே."

"எரியுமா, பிடுங்குமான்னு உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்லா" என்று சொல்லிவிட்டு, "இப்பம் சொல்லுங்க உங்க கொற்கையை" என்றாள்.

ரயிலில் மணியாச்சி வரைக்கும் சொன்னேன். இருபது வருஷத்தில் அவள் என் சரித்திரத்தை அவ்வளவு ஆவலாகக் கேட்டதில்லை. பாண்டியன் என்றதும் சிரித்தாள். போர்ச்சுகீசியன் என்றதும் சிரித்தாள். அலமாரிக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எதிரே இருந்தவர்கள், கதர் கட்டின பெண்பிள்ளை நாட்டுக்கு விடுதலை வரப்போகிற சந்தோஷத்தில் இருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஜில்லாவில் கடைகளை மூடிய அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் பெரிய கூட்டம். தலைவர் வழக்கம்போல் என்னைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்தார். நான் எழுந்தேன். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அவள், அதே கதர்ச் சேலையில்.

"தாய்மார்களே, அந்தக் கள்ளின் ருசி இருக்கிறதே" என்று ஆரம்பித்தேன். "அது தொண்டையை எரிக்கிற கசப்பு!"

அவள் தலை, இல்லை என்று, யாருக்கும் தெரியாத அளவுக்கு அசைந்தது.

"அதாவது, முதலில் இனிப்பு போல ஏமாற்றி..."

மறுபடி அசைந்தது.

"புளிப்பு?" என்றேன். பிரசங்கத்தில் கேள்விக்குறி வந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அவள் பந்தல் துணியை அண்ணாந்து பார்த்தாள். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

"மொத்தத்தில்," என்றேன், "அது நம்மைப் போன்றவர்கள் அறியத் தக்கதன்று."

கூட்டம் கை தட்டியது. தலைவர் எழுந்து நின்று தட்டினார். அவள் தட்டவில்லை, முந்தானையால் வாயை ஒருமுறை மெல்லத் துடைத்துக்கொண்டாள்.